வை என்றொரு தாது

ஜூன் 3, 2024

இந்த வாரம் முழுக்க ஒரே சமஸ்கிருத வினைதான். தா. கொடுப்பதைச் சொல்லும் தா இல்லை, அதே மூன்றாம் கணத்தில் (வினை வகுப்பில்) வரும் இன்னொரு தா, மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டியது. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ததாதி’ என்றுதான் வரும், நாகரியில்தான் வித்தியாசம் தெரியும். தாதுக்களின், அதாவது வினை வேர்களின், பழைய பட்டியலான தாதுபாடம் இதற்குத் தாங்குதல், வளர்த்தல் என்று பொருள் சொல்லிவிட்டு, கொடுத்தலும் உண்டு என்பார் சிலர் என்கிறது. மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியைத் திறந்தால் வை, இடு, நாட்டு, கொடு, உண்டாக்கு, பிடி என்று போய்க்கொண்டே இருக்கிறது.

ஜூன் 4

பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, நம்மிடம் ‘வை’ இருக்கிறது. பெயர் வைக்கிறோம், நம்பிக்கை வைக்கிறோம், குறி வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், குழம்புகூட வைக்கிறோம், யாரும் இதையெல்லாம் தனித்தனிப் பொருளாகப் படித்துக்கொண்டதில்லை. தாவும் இப்படியேதான் போகிறது. பெயர் வைத்தால் நாமதேயம், நம்பிக்கை வைத்தால் சிரத்தை, வில்லில் அம்பை வைத்துக் குறி பார்த்தால் சந்தானம் (பிள்ளைச் செல்வத்தைச் சொல்லும் சந்தானம் வேறு தாது, அது தன்). தமிழ் வழியாகப் படிக்க வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 6

உபசர்க்கங்கள், அதாவது வினைக்கு முன்னால் வந்து ஒட்டும் நி, வி, சம் போன்றவை. கீழே பத்திரமாக வைத்தது நிதி, சேர்த்து வைத்தது சந்தி, இன்னது இப்படி என்று வகுத்து வைத்தது விதி, அருகில் வந்து அமர்ந்திருப்பது சந்நிதி, மனத்தை ஒரே இடத்தில் குவித்து வைத்தால் சமாதி. இத்தனைக்கும் சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினி ஒரே ஒரு சூத்திரம்தான் செலவழிக்கிறார், 3.3.92. அடுத்த சூத்திரத்தில் ஜலதி வந்துவிடுகிறது, தண்ணீரை வைத்திருக்கும் இடம், கடல். அப்புறம் அவதானம், அதாவது கவனம். இங்கே நமக்கு அது சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரோடு நின்றுபோன சொல் மாதிரி இருக்கிறது, இலங்கைத் தமிழர்களோ இன்றைக்கும் ‘அவதானமாக இருங்கோ’ என்று தினப்படி பேச்சில் சொல்கிறார்கள்.

உபசர்க்கம் தாதுவின் பொருளைப் பலவந்தமாக வேறு இடத்துக்கு இழுத்துப் போகிறது என்று ஒரு பழைய சுலோகம் உண்டு, பிரஹாரம், ஆஹாரம், சம்ஹாரம், விஹாரம், பரிஹாரம் என்று ஹ்ரு தாதுவை வைத்துச் சொன்னது. அடிப்பதும் சாப்பிடுவதும் ஒரே வேரில் வருவதால் அங்கே அது சரி. தாவுக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை, எங்கே வைக்கிறோம், எதோடு வைக்கிறோம் என்பதுதான் மாறுகிறது, வைக்கிற கை அப்படியே இருக்கிறது. வியாதி மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

ஜூன் 7

ரிக்வேதத்தின் முதல் மந்திரத்திலேயே இந்தத் தா இரண்டு தடவை இருக்கிறது! அக்னியைப் புரோஹிதம் என்கிறார்கள், முன்னால் வைக்கப்பட்டவன். முடிவில் ரத்னதாதமம், செல்வம் தருவதில் சிறந்தவன். எட்டே சொல் உள்ள மந்திரத்தில் ஒன்று வைப்பது, ஒன்று தருவது.

ஜூன் 9

புரோஹிதத்தில் அந்த ‘ஹித’ எப்படி வந்தது என்பதற்குப் பாணினியின் 7.4.42 இருக்கிறது, சில விகுதிகளுக்கு முன் தா ‘ஹி’ ஆகிவிடும். அதனால் ‘வைத்து’ என்பது ஹித்வா. அடுத்த சூத்திரம் விடுவதைச் சொல்லும் ஹா தாதுவுக்கும் இதையே செய்கிறது, ‘விட்டுவிட்டு’ என்பதும் ஹித்வா! எழுத்தில் துளி வேறுபாடு கிடையாது, வாக்கியத்தைப் பார்த்துத்தான் வைத்தானா விட்டானா என்று முடிவு செய்ய வேண்டும். உபசர்க்கம் வந்தால் இரண்டும் பிரிந்துவிடும், நிதாய என்றால் வைத்து, விஹாய என்றால் விட்டு. கீதை 2.22-இல் பழைய துணியைக் களைவதற்கு வருவது விஹாய. 12.8-இல் ‘மய்யேவ மன ஆதத்ஸ்வ’, என்னிடமே மனத்தை வை. செலுத்து, நிலைநிறுத்து என்றெல்லாம் எழுதுவதைவிட அந்த ‘வை’யே போதும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.