இஸ்திரி போடப் பழகிய பத்து வாரம்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டத் தொடங்கியது ஏப்ரல் முதல் வாரத்தில். மேற்கு மாம்பலத்தில், எதிரெதிராக இரண்டு ஆட்டோக்கள் வந்தால் ஒன்று பின்னால் போயே தீர வேண்டிய தெரு அது. பள்ளம் வந்ததும் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றிருந்த இஸ்திரி வண்டிக்கு இடமில்லாமல் போயிற்று. வண்டிக்கார அம்மா எங்கே போனார் என்று பால் போடும் பையனுக்கும் தெரியவில்லை. துவைத்துக் காய்ந்த ஐந்து முழுக்கைச் சட்டைகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. மறுநாள் திங்கட்கிழமை.

எனக்கு வயது 51. மாற்றலாகித் திருச்சியிலிருந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. மனைவி திருச்சியில், மகள் கோவையில் கல்லூரி விடுதியில், நான் ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும் உள்ள மாடி வீட்டில். சமையல் ஓரளவு கைவந்துவிட்டது. ரசம் வைத்தால் ரசம் போலவே இருக்கிறது. சட்டை தேய்ப்பது மட்டும் கற்றுக்கொள்ள வேண்டிய காரியமாகவே தோன்றியதில்லை. சூடான பெட்டியைத் துணிமேல் இழுப்பதில் என்ன வித்தை இருக்கப்போகிறது?

முதல் ஞாயிறு

துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டி தி.நகர் போய் ஒரு பெட்டி வாங்கினேன். கடைக்காரர் கைக்கு லேசான ஒன்றை எடுத்துக் காட்டினார். வேண்டாம், கனமானதாகக் கொடுங்கள் என்றேன். வண்டிக்கார அம்மாவின் பித்தளைப் பெட்டி மனதில் இருந்தது. கரி போட்ட நிலையில் ஆறேழு கிலோ இருக்கும். அது ஒரு முறை போய் வந்தால் துணி வாழை இலை போல விரிந்து கிடக்கும். எல்லாம் எடை செய்கிற வேலை என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். வாங்கியது 1000 வாட், ஏறக்குறைய இரண்டு கிலோ. நீராவி வசதி கிடையாது.

மேசை இல்லாததால் தரையில் பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் சட்டைக்கு 35 நிமிடம் ஆயிற்று. தூக்கிப் பிடித்துப் பார்த்தால் முதுகு முழுவதும் மெல்லிய வரிகள், நெல் வயலை மேலிருந்து பார்த்த மாதிரி. சட்டையைத் திருப்பினேன், உதறினேன், மறுபடி தேய்த்தேன். வரிகள் இன்னும் அழுத்தமாகப் பதிந்தன. பிறகுதான் ஜமக்காளத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். அதன் நெசவிலேயே தடித்த மேடுகள் இருக்கின்றன. நான் பலம் கொண்டு அழுத்த அழுத்த, அந்த மேடுகளை எல்லாம் சட்டையில் அச்சடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை நான்கு மடிப்பாகப் போட்டதும் வரி நின்றது.

இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு

சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வலி. சட்டைக்கு அரை மணி நேரம். கையின் மேல் மடிப்பு ஒன்று விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ரயில் தண்டவாளம் ஓடியது. அப்படியே அலுவலகம் போனேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன், மாலையில் கடைநிலை ஊழியர் ஒருவர், “சார், புது இஸ்திரிக்காரரா?” என்று கேட்டார்.

நான்காம் ஞாயிறு: சேதம்

பருத்திச் சட்டைகளுக்காகப் பெட்டியின் குமிழை மூன்று புள்ளியில் வைத்திருந்தேன். ஐந்தாவதாக எடுத்தது சாம்பல் நிறச் சட்டை. மனைவி தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. பாலியஸ்டர் கலந்தது என்பது கழுத்துக்குள் இருந்த துணுக்கில் எழுதியிருந்தது. படிக்கவில்லை. பெட்டியை வைத்து இழுத்தேன், நகரவில்லை. தூக்கினேன், சட்டையும் கூடவே எழுந்து வந்தது. பாக்கெட்டுக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தழும்பு, பெட்டியின் மூக்கு வடிவத்திலேயே.

அன்று இரவு மகளிடம் சொன்னேன். ஜவுளித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பிறகு வகுப்பு நடந்தது. ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பாலியஸ்டர் எழுபது எண்பது டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அதை 200 டிகிரியில் வைத்து அழுத்தினால் நூல்கள் நசுங்கித் தட்டையாகிவிடும், அந்தப் பளபளப்பு பிறகு போகாது. ஆகவே எப்போதும் குறைந்த சூட்டுத் துணியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். பெட்டி சூடேறச் சில நிமிடங்கள் போதும், ஆறுவதற்கு அதைவிட வெகுநேரம் ஆகும். “நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள் அப்பா” என்றாள்.

அவள் சொன்ன இன்னொன்றுதான் என் எடைக் கணக்கைக் கவிழ்த்தது. பருத்தி நூலுக்குள் இருக்கும் செல்லுலோஸ் இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துவைத்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் அந்தப் பிடி தளர்கிறது. துணி எந்த நிலையில் உலர்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்கிறது. சுருங்கிய நிலையில் உலர்ந்தால் சுருக்கம், விரித்த நிலையில் உலர்ந்தால் விரிப்பு. பெட்டியின் வேலை, விரித்துப் பிடித்திருக்கும்போதே ஈரத்தை விரட்டுவது. காய்ந்த துணியை எத்தனை கிலோ போட்டு அழுத்தினாலும் பாதிப் பயன்தான்.

அப்போதுதான் வண்டிக்கார அம்மாவின் இன்னொரு கை ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை நாளும் நான் பார்த்தது பெட்டி பிடித்த வலது கையை மட்டும். இடது கை பக்கத்தில் இருக்கும் பாட்டிலை எடுக்கும். அதன் மூடியில் ஆணியால் குத்திய நான்கைந்து ஓட்டைகள். ஒரு உதறு, துணிமேல் பொட்டுப் பொட்டாக ஈரம். பாட்டிலை வைத்துவிட்டு அதே கையால் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுப்பார். பெட்டி அந்த இழுப்பின் பின்னால் ஓடும். ‘இஸ்திரி’ என்ற சொல் போர்த்துகீசியர் விட்டுப்போனது என்பார்கள். அவர்கள் மொழியில் ‘எஸ்திரார்’ என்றால் இழுத்து நீட்டுவது. பெயரிலேயே இருந்திருக்கிறது, நான்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் ஞாயிறு: நான்கு சட்டை, நான்கு விதம்

பரிசோதனையாகவே செய்தேன். நான்கும் ஒரே மாதிரி பருத்திச் சட்டைகள், ஒரே கடையில் எடுத்தவை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதல் சட்டை, மொட்டை மாடி வெயிலில் காய்ந்து அப்பளமாகியிருந்தது. அப்படியே தேய்த்தேன். 24 நிமிடம். பாக்கெட்டைச் சுற்றியிருந்த சுருக்கங்கள் அசையவில்லை.

இரண்டாவதில் தண்ணீரைத் தெளித்து உடனே தேய்த்தேன். 16 நிமிடம். பொட்டு விழுந்த இடம் சரியாயிற்று, பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே பழைய கதை. பெட்டி போகும்போது ‘சுர்’ரென்ற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

மூன்றாவதைக் கொடியிலிருந்து அரை ஈரத்தில் எடுத்து வந்தேன். இதுதான் வெல்லும் என்று எதிர்பார்த்தேன். 13 நிமிடம் ஆயிற்று, ஆனால் மே மாத வெயிலில் சட்டை ஒரே சீராகக் காய்வதில்லை. முதுகு முறுகிவிட்டது, உள்ளே பக்ரம் என்ற விறைப்பான துணி வைத்துத் தைத்த காலரும் கஃப்பும் காஜாப் பட்டியும் சொதசொதவென்று இருந்தன. அங்கே பெட்டியை வைத்து வைத்து எடுத்ததில் காலர் ஓரம் லேசாகப் பழுப்பேறிவிட்டது.

நான்காவது முழுவதும் காய்ந்த சட்டை. அதில் தண்ணீர் தெளித்து, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, ஒரு துண்டுக்குள் வைத்து அரை மணி நேரம் விட்டேன். பிரித்தபோது ஈரம் எங்கேயும் கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தொட்டால் மட்டும் ஒரு குளிர்ச்சி. 9 நிமிடம். சத்தம் ஒரே சீராக, மெல்லிய பெருமூச்சு மாதிரி வந்தது. பாக்கெட்டுச் சுருக்கம் ஒரே இழுப்பில் போயிற்று. நம்ப முடியாமல் சட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டு மாமி என்ன நினைத்தாரோ!

ஆக, ஈரம் இருந்தால் மட்டும் போதாது. சீராகப் பரவியிருக்க வேண்டும். தெளிப்பதற்கு நான் கேன் தண்ணீர்தான் எடுக்கிறேன். எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், வாளியிலேயே மஞ்சள் படிகிறது. அதை வெள்ளைச் சட்டையில் விட மனம் வரவில்லை.

ஆறிலிருந்து எட்டு வரை

ஈரம் பிடிபட்ட பிறகு மற்றவை கைவேலைதான். காலரை முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். இரண்டு நுனிகளிலிருந்தும் நடுவை நோக்கி. நடுவிலிருந்து வெளியே போனால் துணி தள்ளிக்கொண்டே போய் நுனியில் குட்டிச் சுருக்கமாக நிற்கிறது. பட்டன் பக்கத்தைக் குப்புறப் போட்டு, அடியில் கனமான துண்டு வைத்தால் பட்டன்கள் துண்டுக்குள் அமுங்கிக்கொள்கின்றன. பட்டனைச் சுற்றி மூக்கை நுழைத்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை. (அதற்குள் ஒரு பட்டன் உருகியிருந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியதை, லேசான சூட்டில் ஈரத் துணி வைத்துத் துடைத்தேன். உப்பைக் கொட்டித் தேய்க்கச் சொன்னார்கள். ஒட்டாத பூச்சு உள்ள பெட்டியில் அது கீறிவிடும்.)

தண்டவாளத்துக்கும் வழி கிடைத்தது. கையின் அடித்தையலைத் தரையில் நேர்கோடாக வைத்து, அங்கிருந்து மேல் மடிப்பை நோக்கி உள்ளங்கையால் தடவிவிட வேண்டும். பழைய மடிப்பு விரலில் தட்டும். அதன்மேலேயே புதிய மடிப்பு வந்து உட்காரும்வரை பெட்டியைத் தொடக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மின்விசிறியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது சென்னை அனுபவம் ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறியைப் போட்டால் சுருட்டி வைத்த ஈரம் பத்து நிமிடத்தில் பறந்துவிடுகிறது. நிறுத்தினால் நெற்றி வியர்வை நேராக இளநீலச் சட்டையின் மார்பில் சொட்டுகிறது. இரண்டு வாரம் இரண்டோடும் போராடிவிட்டு, வேலையை விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை இரவே தெளித்துச் சுருட்டலாமா என்று ஒரு முறை பார்த்தேன். காலையில் ஒரு மக்கல் வாடை. வேண்டாம்.

செலவுக் கணக்கையும் மனைவி கேட்டாள். 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் ஒரு யூனிட். சூடேறியதும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் ஐந்து சட்டைக்கு அதைவிடக் குறைவு. அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறதே என்றாள். அந்தச் சலுகை என் சப்மீட்டர் வரை இறங்கி வரவில்லை என்பது வேறு விஷயம். சட்டைக்குப் பத்து ரூபாய் என்று பார்த்தால் வாரம் ஐம்பது மிச்சம். சாம்பல் நிறச் சட்டையின் விலையை அதில் கழிக்கச் சொன்னாள்.

பத்தாம் வாரம்

இப்போது ஒரு சட்டைக்கு எட்டு நிமிடம். தேய்த்த சூட்டோடு போட்டுக்கொண்டால் முழங்கையில் உடனே சுருக்கம் விழுகிறது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அந்த வளைவிலேயே உலர்ந்துவிடுகிறது போலும். பத்து நிமிடம் ஹேங்கரில் தொங்கவிட்டுத்தான் போடுகிறேன்.

ஜூன் நடுவில் பள்ளத்தை மூடினார்கள். ஒரு நாள் காலை ரயிலுக்குப் போகும்போது மரத்தடியில் வண்டி நின்றது. இந்த ஊரில் துணி நெய்பவர்களுக்காக 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. தேய்ப்பவர்களுக்குப் பேட்டை இல்லை, மரத்தடிதான். அதுவும் பள்ளம் தோண்டும்வரை.

கஞ்சி போட்ட வேட்டிகள் இரண்டு என்னால் முடியாமல் கிடந்தன. அவற்றைக் கொடுத்தேன். சட்டை இல்லையா சார் என்று கேட்டார். நானே தேய்த்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கரியை விசிறிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். திரும்பச் சொன்னார். திரும்பினேன்.

“கை நன்றாக வந்திருக்கிறது சார். பின்னால், காலருக்குக் கீழே தோள்பட்டைத் தையலை ஒட்டி விட்டுவிட்டீர்கள்.”

பத்து வாரமாக அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே பெட்டியை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்று கேட்டேன். வண்டியில் மூன்று மூட்டைகள் காத்திருந்தன, என் ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். தெளித்துச் சுருட்டி எடுத்துப் போவதா, காய்ந்ததாகவே கொண்டுபோவதா என்று கேட்க மறந்துவிட்டேன்.