குதிரை ஓடாமல் போனாலும் பயணம் கெடக்கூடாது: செல்ட்னம் திருவிழாவுக்கு ஓனராகப் போகிறவர்களுக்கு

எழுதும்போது வாலில் ஒரு 'ஹாம்' உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் அது செல்ட்னம்தான். இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயரில், கிளீவ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பந்தய மைதானம். ஒவ்வொரு மார்ச் நடுவிலும் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள், நாளுக்கு ஏழு என்று 28 பந்தயங்கள். தடையே இல்லாத ஒரே ஒரு ஓட்டத்தைத் தவிர எல்லாமே தாண்டும் பந்தயம். கிண்டியில் பார்த்துப் பழகிய சமதள ஓட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் முதல் அரை மணி நேரம் ஒன்றும் புரியாது. இங்கே மிகக் குறுகிய ஓட்டமே ஏறக்குறைய இரண்டு மைல். ஹர்டில் என்கிற சிறிய தடை குறைந்தது மூன்றரை அடி, ஃபென்ஸ் என்கிற பெரிய தடை குறைந்தது நாலரை அடி. வெள்ளிக்கிழமை நடக்கும் கோல்டு கப் மூன்றேகால் மைலுக்கும் சற்று அதிகம், தாண்ட வேண்டியவை 22 ஃபென்ஸ்.

இது வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு எழுதியதல்ல. குதிரையில் பங்கு வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போகிறவர்களுக்கு. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பலர் சேர்ந்து ஒரு குதிரையை வைத்திருக்கும் சிண்டிகேட்டில் பங்கு வாங்கியவருக்குக் குதிரையில் உரிமை உண்டு. ரேசிங் கிளப்பில் சந்தா கட்டியவருக்கு அந்த உரிமை இல்லை. குதிரை கிளப்புக்குச் சொந்தம், உங்களுக்குக் கிடைப்பது அனுபவம் மட்டும். இரண்டையும் ஒரே மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். கையெழுத்துப் போடும்முன் எது என்று கேளுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை எல்லாமே ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: குதிரை ஓடுமா? நீங்கள் ஓட்டலை அக்டோபரில் பிடித்திருப்பீர்கள். குதிரை ஓடுவது உறுதியாவதோ பந்தயத்துக்கு 48 மணி நேரம் முன்புதான். செவ்வாய்க்கிழமைப் பந்தயத்தின் பட்டியல் ஞாயிறு காலை 10 மணிக்கு மூடும். அதற்குள் ட்ரெயினர் பெயர் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தாலும், ரேட்டிங் என்கிற திறன் மதிப்பெண்ணுக்கேற்பக் குதிரைமேல் எடை ஏற்றும் ஹேண்டிகாப் பந்தயமாக இருந்தால் இன்னொரு கண்டம் உண்டு. ஓடும் குதிரைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறது. மேலே இருந்து, அதாவது அதிக ரேட்டிங் உள்ளவற்றில் இருந்து இடம் நிரப்பிக்கொண்டு வருவார்கள். உங்கள் குதிரையின் ரேட்டிங் கொஞ்சம் குறைந்தால் பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருந்து கழன்றுவிடும். ரிசர்வ் என்று ஓரிரண்டு இடம் வைத்திருப்பார்கள். யாராவது நேரத்துக்குள் விலகினால்தான் அதற்கும் வழி. ஆகவே ஜனவரியிலேயே ட்ரெயினரிடம் கேட்க வேண்டியது "ஜெயிக்குமா?" அல்ல. "இந்த ரேட்டிங்குக்குப் போன வருஷம் இடம் கிடைத்திருக்குமா?" என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் நேரான பதில் இருக்கும்.

பட்டியலில் ஏறிய பிறகும் குதிரை விலகலாம். காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. ராத்திரி நன்றாக நடந்த குதிரை விடிந்ததும் மூன்று காலில் நிற்கும். பார்த்தால் கால் முறிந்த மாதிரி இருக்கும். ஆனால் பல நேரம் குளம்புக்குள் சீழ் கோத்திருப்பதுதான். லாடம் அடிப்பவர் லாடத்தைக் கழற்றி, அடிக்குளம்பைக் கத்தியால் மெல்லச் சீவிக்கொண்டே போவார். சரியான இடம் வந்ததும் கறுப்புத் தண்ணீர் மாதிரி சீழ் பீச்சும். அழுத்தம் இறங்கியதுமே குதிரை காலை ஊன்றும். சூடான பற்றுப்போட்டுக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் உங்கள் பந்தயம் நாளைக்கு. இன்னொன்று, ஸ்கோப். கேலப் என்கிற வேகப் பயிற்சி ஓட்டம் கடைசியாக முடிந்ததும் மூக்கு வழியாகக் குழாய் கேமராவை விட்டு மூச்சுக்குழாயைப் பார்ப்பார்கள். சளி தெரிந்தால் அந்தக் குதிரை பந்தயத்தின் கடைசி மேட்டை ஏறி முடிக்காது. மருந்து கொடுத்துத் தேற்றலாம் என்றால், மருந்து உடம்பிலிருந்து முழுக்க வெளியேறும் வரை ஓட விட முடியாது. பந்தய நாளில் வழக்கமான தீவனமும் தண்ணீரும் தவிர வேறெதுவும் குதிரை வாய்க்குள் போகக்கூடாது.

குதிரை நன்றாக இருந்து தரை கெட்டால்? சிலதுக்குச் சேறு பிடிக்கும், சிலதுக்கு உறுதியான புல்தரை. முதல் நாள் தரை 'குட் டு சாஃப்ட்' பக்கம், அதாவது கொஞ்சம் இளகலாக, இருக்க வேண்டும் என்பது மைதானத்தாரின் நோக்கம். காய்ந்தால் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மழையைத்தான் யாராலும் நிறுத்த முடியாது. 2008-ல் புதன்கிழமை அடித்த காற்றில் அன்றைய பந்தயம் மொத்தமும் ரத்தாகி, வியாழனிலும் வெள்ளியிலும் சேர்த்து ஓட்டினார்கள். புதனுக்கு மட்டும் ஓட்டல் பிடித்தவர்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியதால் திருவிழாவே நடக்கவில்லை.

இத்தனையையும் வைத்துத்தான் பயணத்தைப் போட வேண்டும். உங்கள் குதிரை ஓடும் நாளுக்கு மறுநாளையும் சேர்த்து இரண்டு ராத்திரி பிடியுங்கள், ரத்து செய்ய முடிகிற அறையாகப் பாருங்கள். செல்ட்னம் ஊருக்குள் அந்த வாரம் விலை கண்ணைக் கட்டும். பர்மிங்ஹாம், கிளஸ்டர், வூஸ்டர், ஸ்விண்டன் எல்லாம் ரயிலில் வந்துபோகும் தூரம்தான். லண்டன் பாடிங்டனிலிருந்து செல்ட்னம் ஸ்பா நிலையத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நிலையத்திலிருந்து மைதானம் இரண்டு மைலுக்கு மேல், பஸ் உண்டு. திரும்பும்போது அந்த பஸ் வரிசையைப் பார்த்துப் பாதிப் பேர் நடந்துவிடுவார்கள், பிள்ளைகளோடு அது முடியாது. கடைசிப் பந்தயத்துக்கு முன்பே கிளம்புவது, அல்லது ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பது, இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓனருக்கு இல்லை, குதிரையின் பந்தயம் எந்த நாளோ அந்த நாள். ஆனால் சும்மா பார்க்க இன்னொரு நாள் சேர்ப்பதாக இருந்தால் புதன்கிழமை நல்லது. சமீப வருஷங்களில் கூட்டம் மெலிந்த நாள் அதுதான். கிராஸ் கன்ட்ரி பந்தயமும் அன்றைக்கு. மைதானத்தின் நடுவில் வேலி, மேடு, பள்ளம் என்று 32 தடைகளை வளைந்து வளைந்து தாண்டும். பிள்ளைகளுக்குக் கோல்டு கப்பைவிட இது பிடிக்கும். வியாழன் ஐரிஷ்காரர்களின் கொண்டாட்ட நாள், குடியும் அதற்கேற்ப இருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே பந்தயம் கட்ட அனுமதி இல்லை என்பதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் புக்மேக்கர் வரிசையில் நின்று அழுவார்கள்.

அடுத்தது பாட்ஜ், அதாவது ஓனருக்கான நுழைவுச் சீட்டு. ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் ஓனர் பாட்ஜ் எண்ணி எண்ணித்தான் தருவார்கள். சிண்டிகேட்டில் இருபது பேர் இருந்தால் பெரும்பாலும் குலுக்கல்தான். வழக்கமான சின்ன மைதானத்தில் குடும்பமே உள்ளே போயிருக்கலாம், அதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். குலுக்கலில் விழாதவர்களுக்கு முன்கூட்டியே சாதாரண டிக்கெட் எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். கூட்டத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், வாசலில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பரேட் ரிங்குக்குள் சிறு குழந்தைகளை விடுவார்களா, தள்ளுவண்டி போகுமா என்பதையும் ஓனர்களுக்கான மேசையில் போனிலேயே கேட்டுவிடுங்கள். வாசலில் வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

உடை விஷயத்தில் கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. ட்வீட் கோட்டுப் போட்ட கூட்டம்தான் எங்கும். சேலை கட்டிக்கொண்டு போவதில் ஒரு தடையும் கிடையாது, ஆனால் உள்ளே தெர்மல் போடுங்கள், முந்தானையை ஊசி குத்தி அடக்குங்கள். காற்றில் படபடக்கும் துணி குதிரையை மிரள வைக்கும். குடை விரிப்பதும் அப்படியே. கேமரா ஃப்ளாஷ் கூடவே கூடாது. குச்சிக்குதிகால் செருப்பு புல்லில் இறங்கி நின்றுவிடும்.

சீக்கிரம் போங்கள். முதல் பந்தயம் 1.20 மணிக்கு என்றால் பதினோரு மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். மைதானத்துக்குள் நடந்து பார்க்க அனுமதிக்கும் நேரம் இருந்தால் விடாதீர்கள். செவ்வாயும் புதனும் பழைய பாதை, வியாழனும் வெள்ளியும் புதிய பாதை. பழையதில் வளைவுகள் நெருக்கம், வேகக் குதிரைக்குச் சாதகம். புதியதில் தம் வேண்டும். இரண்டிலும் கடைசியில் ஏற்றம். கடைசித் தடையைத் தாண்டி 200 கெஜத்துக்கு மேல் மேட்டில் ஏறியாக வேண்டும். டிவியில் அந்த மேடு தட்டையாகத் தெரியும். காலால் நடந்தால்தான் பத்து லெங்த் (பத்துக் குதிரை நீளம்) முன்னால் வந்த குதிரை ஏன் நின்றுபோகிறது என்று விளங்கும். ஃபென்ஸின் அடிப்பலகை வெள்ளையாக இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முன்பு ஆரஞ்சு. ஆரஞ்சும் புல்லின் பச்சையும் குதிரைக் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது என்பதால் மாற்றினார்கள்.

உங்கள் பந்தயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே சேணம் பூட்டும் இடத்துக்குப் போய்விடுங்கள். நாள் முழுக்கப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். ஜாக்கி தன் சேணத்தோடு தராசில் ஏறி எடை காட்டி முடித்ததும் ட்ரெயினர் அதை வாங்கிக்கொண்டு வருவார். கோல்டு கப்பில் 11 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 74 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். பெண் குதிரைக்கு 7 பவுண்டு சலுகை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அவ்வளவு வராது. மிச்சத்தை ஈயப் பட்டைகளாக எடைத் துணியின் பைகளில் செருகியிருப்பார்கள். வழுக்காத மெத்தை, எடைத் துணி, எண் துணி, சேணம் என்று ஒவ்வொன்றாக முதுகில் ஏறும். வயிற்று வாரை இழுத்து முடித்த பிறகு, சேணத்தின் மேலேயே சுற்றி இன்னொரு வார். பிறகு ட்ரெயினர் குனிந்து குதிரையின் முன்னங்காலை ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னால் நீட்டுவார். வணக்கம் சொல்ல வைக்கிற மாதிரி இருக்கும். வாருக்கு அடியில் தோல் மடிந்து கிள்ளிக்கொண்டிருந்தால் அந்த நீட்டலில் விடுபடும். கடைசியாக ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்துவிடுவார்கள். இதையெல்லாம் செய்யும்போது அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், குதிரையின் பின்பக்கம் நிற்காதீர்கள்.

ரேஸ் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குறிகளையும் படித்துக்கொள்ளுங்கள். சின்ன டி (t) என்றால் நாக்கைக் கட்டியிருக்கிறது, சின்ன பி (b) என்றால் பக்கப் பார்வையை மறைக்கும் பிளிங்கர்ஸ், சின்ன எச் (h) என்றால் தலைமூடி. முந்தைய ஓட்டங்களில் எஃப் (F) என்பது விழுந்தது, யு (U) என்பது ஜாக்கி மட்டும் விழுந்தது, பெரிய பி (P) என்பது பாதியில் நிறுத்தியது. மூச்சுக்குழாய் அறுவை செய்திருந்தால் 2018 முதல் அதையும் போடுகிறார்கள்.

பரேட் ரிங்குக்குள் ஜாக்கி வந்து தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார். பேச இரண்டு நிமிஷம் கிடைக்கும். எப்படி ஓட்ட வேண்டும் என்று அவருக்கு உபதேசம் வேண்டாம், அதை ட்ரெயினர் காலையிலேயே பேசி முடித்திருப்பார். எந்தப் பந்தயம் என்பதில்தான் ஓனரின் சொல்லுக்கு மதிப்பு. 2025-ல் கோல்டன் ஏஸ் என்ற பெண் குதிரையை, பெண் குதிரைகளுக்கு மட்டுமான மேர்ஸ் ஹர்டிலுக்கு அனுப்பாமல், ஆண் குதிரைகளும் ஓடும் சாம்பியன் ஹர்டிலில் இறக்கினார்கள். ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த கான்ஸ்டிட்யூஷன் ஹில் என்ற குதிரை வழியில் விழுந்தது. முன்னால் போன ஸ்டேட் மேன் கடைசித் தடையில் விழுந்தது. 25-க்கு 1 விலையில் இருந்த கோல்டன் ஏஸ் ஜெயித்தது.

விழுவது இங்கே சகஜம் என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். விழுந்த குதிரைகள் பெரும்பாலும் எழுந்து ஓடிவிடும். பச்சைத் திரை கட்டினால் உள்ளே மருத்துவர் பார்க்கிறார் என்று பொருள். திரை கட்டினாலே குதிரை போய்விட்டது என்றில்லை. போவதும் உண்டு. மறைத்துக் கூட்டிப்போய் அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

முதல் நாலு இடத்துக்குள் வந்தால் வின்னர்ஸ் என்க்ளோஷர், மற்றவை வேறு இடத்தில் சேணம் இறக்கும். இந்தியாவில் ஜெயித்த குதிரையை ஓனரே பிடித்து நடத்தி வருவது வழக்கம். இங்கே லகான் எப்போதும் குதிரையைப் பராமரிக்கும் க்ரூம் கையில். ஓடி முடித்த குதிரை மார்ச் குளிரிலும் கொதிக்கும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, நடக்க வைப்பார்கள். அப்போது கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கப் போகாமல் ஒதுங்கி நில்லுங்கள். ஜாக்கி இறங்கியதும் சொல்லும் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அவர் மரியாதைக்குப் பேசுவார். பரிசுப் பணத்தை, ஜாக்கிகளைத் திரும்ப எடை பார்த்து 'வெய்ட் இன்' என்று அறிவிக்கும் வரை எண்ண வேண்டாம். கோல்டு கப்பின் மொத்தம் 6,25,000 பவுண்டு என்று பேப்பரில் படித்தால், ஜெயித்ததுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதிலும் ட்ரெயினர், ஜாக்கி, லாயத்துப் பிள்ளைகள் பங்கு போகும்.

மறுநாள் காலை ட்ரெயினர் குதிரையைக் கல்தரையில் பெருநடை விட்டுப் பார்ப்பார், முன்னங்கால் தசைநாணைத் தடவிச் சூடு தேடுவார். பிறகு சிண்டிகேட் குரூப்பில் ஒரு வரி வரும்: கால் சூடில்லை, தீனித் தொட்டி காலி.