பதினாறு வயதில் ரியல் எஸ்டேட்: நான் தொடங்கிய விதம்

பிளஸ் ஒன் படிக்கும்போதே நிலத்தில் பணம் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. மேலூர் பக்கம் ஒரு மனை விலைக்கு வந்தபோது, அதை என் பேரிலேயே வாங்கிவிடலாம் என்றார் அப்பா. வாங்கலாம்தான். 18 வயது ஆகாத மைனர் ஒப்பந்தம் போட முடியாது என்றாலும், காப்பாளர் கையெழுத்துப் போட்டு மைனர் பேரில் கிரயம் செய்யலாம். சிக்கல் விற்கும்போதுதான் வரும் என்று பத்திர எழுத்தர் விளக்கினார். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனர் பேரில் உள்ள நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாவே விற்க முடியாது. அவசரத்துக்கு எடுக்க முடியாத இடத்தில் வீட்டுச் சேமிப்பைப் போட அம்மாவுக்கு மனமில்லை.

ஆனாலும் அந்த மனையின் காகிதங்களை நான் விடவில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் வில்லங்கத்தை, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றை, இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஒரு அடமானம் பதிவாகியிருந்தது. கடனை அடைத்ததற்கான ரசீதுப் பத்திரம் இல்லை. அடைத்தாயிற்று என்று விற்பவர் வாயால் சொன்னார், பதிவில் காட்டவில்லை. அந்த மனையை அதோடு விட்டுவிட்டோம். முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம், பட்டா, உட்பிரிவு எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க அப்போதுதான் பழகினேன். இதற்கு வயது வரம்பு கிடையாது.

சரி, பணத்தை எங்கே போடுவது? ரீட் பற்றித் தெரிந்தது அந்தச் சமயத்தில்தான். வாடகை வரும் பெரிய கட்டடங்களைப் பலர் சேர்ந்து யூனிட் யூனிட்டாக வைத்திருக்கும் ஏற்பாடு இது. பிரித்துக் கொடுக்கத்தக்க பணத்தில் 90 சதவீதமாவது முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் என்ற ரீட் 2023 மே மாதம் பொது வெளியீட்டுக்கு வந்தபோது ஒரு யூனிட் 95 முதல் 100 ரூபாய். சென்னை வடபழனி விஜயா மால் அதன் சொத்துகளில் ஒன்று. நான் படியேறி இறங்கிய கட்டடத்தின் வாடகையில் எனக்கும் துளி பங்கு என்பது உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

யூனிட்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கை மைனர் பேரில் தொடங்க என் பான் கார்டு, பிறப்புச் சான்றிதழ், என் பேரில் வங்கிக் கணக்கு, அப்பாவின் கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) எல்லாம் கேட்டார்கள். அப்பா தன் கணக்கில் வாங்கிய யூனிட்களை எனக்கு அன்பளிப்பாக மாற்றினார். அதில் வரும் வருமானம் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேர்ந்துதான் வரிக்கு வரும். வரும் பணத்திலும் வட்டி, டிவிடெண்ட், கொடுத்த கடன் திரும்பி வருவது என்று பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வரி வேறு. ஆடிட்டர் மாமாவிடம் உட்கார்ந்து இதைப் புரிந்துகொண்டது நல்லதாயிற்று.

18 முடிந்ததும் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மைனர் பான் கார்டில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்காது, அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம்தான் வங்கி, டீமேட் இரண்டும் நகரும்.

இப்போது வாங்குவதும் விற்பதும் என் முடிவு. மனை ஆசையும் அப்படியேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரலில் இருந்து 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 2-க்குப் பதில் 1 சதவீதம்தான். அப்படிப் பதிந்தாலும் 10 லட்ச ரூபாய் மனைக்குப் பத்திரச் செலவு மட்டும் 80,000. ரீட்டில் வருவதை இப்போது அந்தச் செலவுக்கென்றே தனியாக எடுத்து வைக்கிறேன்.