குண்டு வெடிப்பதற்கு முந்தைய சில நிமிடங்கள்

நேற்றிரவு ‘த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். இத்தாலிய இயக்குநர் கில்லோ பொந்தேகோர்வோவின் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 1966இல் வெளிவந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸில் 1957 வரை நடந்த தலைமறைவுப் போரே அதன் கதை. முதல் முறை பார்த்தபோது பல காட்சிகள் பழைய செய்திப் படங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை என்றே நம்பினேன். அப்படி ஓர் அடிச் சுருள்கூட இதில் இல்லை.

இம்முறை மனத்தை விட்டு அகலாமல் நிற்பது மூன்று அல்ஜீரியப் பெண்கள் குண்டு வைக்கப் போகும் பகுதி. அல்ஜீரியர்கள் நெருக்கமாக வாழும் பழைய நகர்ப் பகுதியான காஸ்பாவில் நள்ளிரவில் ஐரோப்பியர்கள் வைத்த குண்டுக்கு வீடுகள் சரிந்து, இடிபாடுகளிலிருந்து பிள்ளைகளின் உடல்களைத் தூக்கி வருவதைச் சற்று முன்னர்தான் பார்த்திருப்போம். ஆகவே அந்தப் பெண்கள் கண்ணாடி முன் நின்று கூந்தலைக் கத்தரித்து, ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்திச் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது, பிடிபடாமல் போய்விட வேண்டுமே என்று நம் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொள்கிறது. பிறகு ஒருத்தி உணவு விடுதிக்குள் நுழைந்து, பையைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, சுற்றியிருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். ஒரு குழந்தை ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருக்கிறது. அவள் பார்ப்பதையெல்லாம் நாமும் பார்த்தாக வேண்டும். இயக்குநர் நம்மை அவசரமாக வெளியே அழைத்துப் போவதில்லை. வெடித்த பின் ஒலிக்கும் இரங்கல் இசையும் காஸ்பாவின் இடிபாடுகளுக்கு மேல் ஒலித்த அதே இசைதான்.

இதைத் தயாரித்தவர்களில் ஒருவர் சாதி யாசெஃப் என்பது நினைவுக்கு வரும்போது காட்சியின் கனம் கூடிவிடுகிறது. அல்ஜியர்ஸில், விடுதலைக்குப் போராடிய அமைப்பான தேசிய விடுதலை முன்னணியின் ஆயுதப் பிரிவை நடத்திய அவரே, படத்திலும் ஏறக்குறைய தம்முடைய பாத்திரத்தில் நடித்திருக்கிறார். வெற்றி பெற்ற தரப்பின் பணமும் நினைவும் கலந்து உருவான படத்தில் அந்தக் குழந்தையின் முகம் இருக்கிறது. விடுதலைப் போர்ப் படங்களில் நான் அரிதாகவே கண்ட நேர்மை இது.

போராளிகளை ஒடுக்க வரும் பிரெஞ்சுப் படை அதிகாரி கர்னல் மத்தியூவின் பாத்திரத்தையும் கொடியவனாகச் சித்திரிக்கவில்லை. சித்திரவதை குறித்துக் கேட்கும் செய்தியாளர்களிடம், பிரான்ஸ் அல்ஜீரியாவில் நீடிக்க வேண்டுமென்றால் அதற்கான விளைவுகள் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் கேள்வியையே திருப்பி விடுகிறார். அதில் நடித்த ழான் மார்த்தன், அந்தப் போரை எதிர்த்து 1960இல் பிரெஞ்சு அறிவுஜீவிகள், கலைஞர்கள் 121 பேர் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர். (படத்தின் ஒரே தொழில்முறை நடிகரும் அவர்தான்.)

எனக்கு ஒரு குறையும் உண்டு. 1957இல், படத்தின் மையப் பாத்திரமான போராளி அலி லா புவாந்த் ஒளிந்திருந்த வீடு தகர்க்கப்படுவதோடு நகரத்தில் போராட்டம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து படம், மக்கள் திரளாக வீதிக்கு வந்த 1960 டிசம்பருக்குத் தாவிவிடுகிறது. கிராமப்புறங்களில் நடந்த போரும், பாரிஸின் அரசியல் மாற்றங்களும் அந்த ஒரே வெட்டில் காணாமல் போகின்றன. ஆனாலும் புகை மூட்டத்துக்குள்ளிருந்து குலவையொலி எழ, ஒரு பெண் கொடியை அசைத்தபடி காவலர்களை நோக்கி முன்னேறியும் பின்வாங்கியும் ஆடத் தொடங்கியதும், கேட்க வைத்திருந்த கேள்விகளைச் சற்று ஒத்திவைத்துவிட்டேன்.