பெட்டக அறையில் பதஞ்சலி

மாசி 4, ஞாயிறு

பங்கு பிரிக்கும் வேலை இன்று தொடங்கியது. ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூனிலிருந்து அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு, இப்போது ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பொது. தூண்களை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் முகப்பில் சண்டை இல்லை. சண்டை எல்லாம் பெட்டக அறையில்தான்: மங்குச் சாமான் (பீங்கான்), வெண்கலம், மரவைகள் (மரப் பாத்திரங்கள்), அப்பத்தாவின் அடுக்குகள்.

காலை ஐந்தரைக்கு வளவுத் தாழ்வாரத்தில், வீட்டின் உள்முற்றத்தை ஒட்டி, நாடிசுத்தி மூச்சுப் பயிற்சி செய்தேன். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி பாயைத் தாண்டி ஏறியது. மூச்சு வலமும் இடமுமாகப் போய்க்கொண்டிருக்க, மனம் மட்டும் எந்த அடுக்கு யாருக்கு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாசி 6, செவ்வாய்

காரைக்குடி யோக வகுப்பில் பதஞ்சலியின் யோகசூத்திரம், இரண்டாம் பகுதியான சாதன பாதத்தில் ஐந்தாவது சூத்திரம். நிலையாததை நிலையானதாக, தூய்மையற்றதைத் தூயதாக, துன்பத்தை இன்பமாக, தானல்லாததைத் தானாகக் காண்பது அவித்தை. அறியாமை என்றால் ஒன்றும் தெரியாமல் இருப்பது என்று அறுபது வயது வரை நினைத்திருந்தேன். யோகசூத்திரத்தின் பழைய உரையான வியாச பாஷ்யம் வேறு சொல்கிறது. ‘அமித்திரன்’ என்பவன் வெறுமனே நண்பன் இல்லாதவன் அல்லன், பகைவன். அதுபோல அவித்தையும் வெறும் இல்லாமை அன்று. தவறாகத் தெரிந்துகொண்டு, அதில் உறுதியாகவும் இருப்பது. வள்ளுவர் மெய்யுணர்தலில் ‘மருள்’ என்று சொல்வதும் பொருளல்லாததைப் பொருளென்று உணர்வதைத்தான்.

அதற்கு மருந்து இருபத்தாறாவது சூத்திரத்தில் வருகிறது: இடைமுறியாத விவேகக் கியாதி. நாம் விவேகம் என்றால் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொள்கிறோம். வேர்ச்சொல்லின் பொருளோ பிரித்தல். காண்பவனைக் காணப்படுவதிலிருந்து பிரித்தறிதல். வீட்டிலும் இப்போது பிரித்தல்தான் நடக்கிறது, வேறு வகையில்.

மாசி 11, ஞாயிறு

ஐயாவின் கைப்பெட்டி வெளியே வந்தது. பர்மாத் தேக்கு, பித்தளைப் பூண், உள்ளே ஏழெட்டு அறைகள். ஐயா ரங்கூனில் கடையில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிய பெட்டி என்று அப்பச்சி (என் அப்பா) சொல்லிச் சொல்லி வளர்த்த பொருள். திருவுளச்சீட்டில் எனக்கு விழுந்தது. சிற்றப்பா மகனின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். “உனக்கே இருக்கட்டும் தம்பி” என்றேன்.

வளவு முழுக்க ஒரு நொடி அமைதி. பிறகு ஆச்சி சொன்னாள்: “இவனுக்குப் பக்குவம் வந்துவிட்டது. யோகம் சும்மா இல்லை.” சாப்பாட்டில் எனக்கு இரண்டாவது முறை கந்தரப்பம் வைத்தார்கள்.

மாசி 12, திங்கள்

தூக்கம் இல்லை. ஆச்சி சொன்னதையே திரும்பத் திரும்ப மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசி 15, வியாழன்

நேற்று சிவராத்திரி, கண் விழித்த அசதி. இருந்தாலும் வியாழக்கிழமை ஆயிற்றே என்று பட்டமங்கலம் தட்சிணாமூர்த்தி கோவிலுக்குப் போனேன். கார்த்திகைப் பெண்கள் அறுவருக்கு இறைவன் அணிமா, லகிமா முதலிய அட்டமா சித்திகளை (எட்டு அற்புத ஆற்றல்களை) உபதேசித்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்லும் தலம். அவர்கள் கவனம் சிதறிக் கேட்டதால் ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டு கல்லாகக் கிடந்தார்கள். வரிசையில் எனக்கு முன் நின்றவர் இதைத் தம் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “அப்படியென்றால் வகுப்பில் பேசினால் கல்லா?” என்று அவள் கேட்டாள்.

பதஞ்சலி மூன்றாம் பாதத்தில் சித்திகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் அவற்றைச் சமாதிக்கு இடையூறு என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார். அணிமா, லகிமா எல்லாம் எனக்கு எதற்கு? ஒரு கைப்பெட்டியை விட்டுக்கொடுத்ததே எனக்குச் சித்தியாகிவிட்டது. வைராக்கியத்துக்கு அவர் தரும் இலக்கணம், கண்டவற்றிலும் கேட்டவற்றிலும் வேட்கை இல்லாமை. கேட்டது என்றால் சாத்திரம் சொல்லும் சுவர்க்க போகம் முதலியவை என்று உரைகள் விளக்குகின்றன. எனக்குக் கேட்டது ஆச்சியின் குரல். பெட்டியை விட்டேன், சரி. அதற்கு ஈடாக வாங்கிக்கொண்டதை யாரும் சீட்டில் எழுதவில்லை.

மாசி 19, திங்கள்

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை வாசலில் ஐயாவின் கைப்பெட்டி. எட்டே நாளில்! தொண்டை அடைத்தது. விட்டுக்கொடுத்தவனுக்கு ஏன் இந்தக் கோபம் என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. பின்னால் பஸ்ஸில்தான் தோன்றியது.

கடைக்காரரிடம் நான் யார் என்று சொல்லவில்லை. “பர்மாத் தேக்குத்தானே?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் பெட்டியைக் கவிழ்த்தார். பூணையோ மெருகையோ அவர் பார்க்கவே இல்லை. அடிப்பலகையின் ஓரத்தை நகத்தால் கீறினார், பிறகு விளக்கடியில் சாய்த்தார். “மூடி தேக்கு. அடி பலா, இங்கே பின்னால் மாற்றியது. சுற்றுப்பலகை என்ன மரம் என்று இழைத்துப் பார்த்தால்தான் சொல்வேன்.” அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாக ஒருவர்கூடப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

விலை கேட்டேன், சொன்னார். வாங்கவில்லை. வைராக்கியம் அன்று, கையில் பணம் இல்லை.

மாசி 20, செவ்வாய்

காலையில் மூச்சை எண்ணாமல் உட்கார்ந்தேன். பெட்டி வந்தது, கோபம் வந்தது, “நானா கோபப்படுகிறேன்?” என்ற வியப்பும் வந்தது. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க முடிந்தது, பத்து மூச்சு நேரம் இருக்கலாம். பிறகு, பார்த்துவிட்டேன் என்ற பெருமை வந்தது. அது வந்ததைக் கவனிக்கச் சற்று நேரம் ஆனது.

தம்பியிடம் விற்றதைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது பொறுமையா, பயமா என்று தெரியவில்லை. நாளை எட்டு மணிக்கு அவன் வருகிறான். வெண்கலம் எடை போடவேண்டும்.