கோழிகளுக்குத் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல்: இதுவரை பார்த்தது

கூண்டில் அடிக்கடி தோல்முட்டை, அதாவது கெட்டியான ஓடில்லாமல் தோல் மட்டும் உள்ள முட்டை, கிடைக்க ஆரம்பித்தது. மற்ற முட்டைகளின் ஓடும் மெலிந்து, எடுக்கும்போதே நொறுங்கின. சுண்ணாம்புச் சத்தில்தான் (கால்சியம்) குறை என்று தோன்றியதால் அதிலிருந்தே தொடங்கினேன்.

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பது முழுவதும் உடம்பில் சேராது என்பதால், முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவுக்குத் தேவைப்படும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை கால்சியம் சேர்ப்பது இதற்காகத்தான். தானியத்தில் அது மிகக் குறைவு. ஆசைக்கு அள்ளிப் போடும் தானியத்திலேயே வயிறு நிறைந்துவிட்டால் கோழி தீவனத்தைத் தொடாது. அதனால் முதலில் தானியத்தை ஒரு கைப்பிடியோடு நிறுத்தினேன்.

அப்புறம் கால்சியத்துக்காகக் கிளிஞ்சல். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். ஒரே கூண்டில் சேவலும் வளரும் குஞ்சுகளும் இருக்கின்றன. குஞ்சுகளின் தீவனத்தில் 1 சதவீதம் கால்சியம் போதும். முட்டைக்கோழிக்கான அளவைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும். தனியாக வைத்தால் தேவைப்படும் கோழி மட்டும் போய்க் கொத்தும். கோழிக்குக் கால்சியம் குறைந்தால் அதைத் தேடித் தின்னும் இயல்பு உண்டு. என் கூண்டில் சேவல் கிண்ணத்தைக் கண்டுகொள்வதே இல்லை. இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தியிருக்கும் பெட்டையும் அப்படித்தான். முட்டையிடுபவை மட்டும் சாயங்காலம் அடையப் போகும் முன் வந்து மொய்க்கின்றன.

சாயங்காலம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில், கோழி இரை எடுக்காத நேரத்தில் நடக்கிறது. கிளிஞ்சல் பொடியாக இருந்தால் சீக்கிரமே குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சில்லுகள் இரையை அரைக்கும் வயிற்றுப் பகுதியான அரைப்பையில் தங்கி, இரவு முழுக்க மெல்லக் கரைந்து கால்சியம் கொடுக்கும். அதுவும் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்யும். இப்படியே நீடித்தால் எலும்பு பலவீனமாகும். முட்டை நன்றாக வருகிறது என்பதை வைத்து மட்டும் கோழி நலமாக இருக்கிறது என்று நான் இப்போது நினைப்பதில்லை.

வீட்டு முட்டை ஓடுகளையும் கழுவி, அடுப்பில் சூடாக்கி, அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிச் சேர்க்கிறேன். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடலாம். அது மட்டும் போதாது, கிளிஞ்சலும் வேண்டும். அரைப்பைக்குப் போடும் கருங்கல் பொடிக்கல் வேறு விஷயம். அது இரையை அரைக்க மட்டுமே, கால்சியம் தராது.

சில வாரங்களில் தோல்முட்டை அநேகமாக நின்றுவிட்டது. வயதான பெட்டையின் முட்டை மட்டும் இன்னும் மெல்லிசுதான். வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், ஓட்டுக்குக் கிடைக்கும் கால்சியம் அதற்கேற்ப அதிகரிப்பதில்லை. வெயில் கடுமையான நாட்களில் மற்றவற்றின் ஓடும் மெலிகிறது. கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேறி, ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது. கிளிஞ்சலைக் கூட்டுவது இதற்குப் பதில் ஆகாது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். வைட்டமின் டி3 இல்லாமல் தின்ற கால்சியம் சரியாக உடம்பில் சேராது என்பதால் காலை வெயிலில் மேய விடுகிறேன்.

இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளான விடைக்கோழிகளுக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கியிருக்கிறது. முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்பே எலும்புக்குள் கால்சியச் சேமிப்பு ஆரம்பமாகிவிடும் என்பதால், அவற்றின் பக்கமும் இப்போதே ஒரு கிண்ணம் வைத்துவிட்டேன்.