கிணற்றில் கட்டிப்போட்டு நீந்துகிறேன்: இதுவரை

ஒரே மூச்சாக 10 கிலோமீட்டர் நீந்தி, தர்மபுரி மாவட்டத்து மலைப்பகுதியில் இருக்கும் சித்திலிங்கி ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் பணம் சேர்ப்பது என்று திட்டம். 25 மீட்டர் குளத்தில் அது 400 நீளம். சேலத்தில் ஒரு மணிக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கி இறங்குகிற குளத்தில் இதற்குப் பழகுவது ஆகிற காரியமில்லை. ஏற்காடு ஏரி படகுக்குத்தான். மிச்சம் சேர்வராயன் அடிவாரத்தில் பெரியப்பா தோட்டத்துக் கிணறு.

கிணற்றில் வட்டமடித்தால் உள்பக்கத் தோள் இறுகிப்போகிறது. அதனால் பழைய ட்யூபை நீளமாக வெட்டி ஒரு முனையை இடுப்பிலும் மறுமுனையைப் படிக்கல்லிலும் கட்டிக்கொள்கிறேன். எவ்வளவு கை வீசினாலும் இருந்த இடம்தான். ட்யூபைத் தண்ணீர் மட்டத்தில் கட்ட வேண்டும். உயரக் கட்டினால் அதுவே இடுப்பைத் தூக்கிக் கொடுக்கும், உழைப்பு பாதியாகிவிடும். மோட்டார் ஓடி முடிந்தால் மட்டம் இறங்கும், அடுத்த படிக்கு மாற்றிக் கட்ட வேண்டும். மேலே கயிறும் டயருமாக யாராவது இல்லாமல் இறங்குவதில்லை. பயிற்சி நேரத்தை முடிவு செய்வது மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட்தான். அது வந்ததும் மேலிருந்து குரல் வரும்: "ஏங்கண்ணு, கரண்ட் வந்துருச்சு, மோட்டார் போடோணும், ஏறி வா!"

அரை மணிக்கு ஒரு தடவை ஆகாரம். கேழ்வரகுக் கூழ் குப்புறப் படுத்த வயிற்றில் நிற்காமல் எதுக்களித்தது. உப்பும் நாட்டுச்சர்க்கரையும் போட்ட வடிகஞ்சி ஒத்துக்கொண்டது. கடையில் விற்கும் ஜெல் பாக்கெட் வீண் செலவு என்பது என் கட்சி.

ஏன் சித்திலிங்கி? கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே 1993-ல் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் குடிசை போட்டு ஆரம்பித்த இடம். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே பழக்கி நர்ஸ் வேலைக்கு வைத்தார்கள். அரசு விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு. கணக்கு சரிதான், ஆனால் அந்த 3,000 பேர் எத்தனை கரட்டில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதை ஏற்காட்டுக்கு மேலே குக்கிராமங்களுக்கு நடந்தவர்களுக்குத் தெரியும். அங்கே கட்டடத்தைவிட, வீடு வீடாகப் போகிற ஆள்தான் முக்கியம். கட்டிலுக்கும் ஃபேனுக்கும் உபயதாரர் கிடைப்பார். பெயர் எழுத இடமில்லாத சம்பளத்துக்குக் கிடைப்பது கஷ்டம்.

கட்டிப்போட்ட நீச்சலில் தூரம் தெரியாது என்பதால் நன்கொடையையும் மணிக் கணக்கில் கேட்கிறேன். மூன்று மணி நேரம் தாங்குகிறது. அம்மாப்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் மணிக்கு 200 ரூபாய் என்று ஒத்துக்கொண்டார். "அஞ்சு மணி நேரத்துக்கு மேல போறதா இருந்தா முன்னாடியே சொல்லிருப்பா" என்றார்.